மேல்விலங்கு

பாயில் பேர் நெய்வது
பலகையில் எழுதுவதுபோல் அல்ல.
எழுத்து பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வரும்.
கழுத்தைச் சாய்த்து, ஒரு கண்ணால் படிக்கணும்.
காகிதத்தில் வரைந்து வைத்துக்கொள்ளும் பழக்கம்
செய்யதலி பாத்திமாவுக்கு, அதாவது எனக்கு, கிடையாது.
எத்தனையாவது பாவு நூலில் சிவப்பு ஏறும்,
எத்தனையாவதில் இறங்கும்,
விரலுக்குத் தெரியும். வாய்க்குத் தெரியாது.

குழல்வாய்மொழி.
அம்பாசமுத்திரத்துக்காரர் சீட்டில் எழுதித் தந்த பேர்.
ரெண்டு ழகரம், ஒரு கொம்பு, ரெண்டு கால்.
இத்தனை நீளப் பேரை எந்த அப்பன் வைத்தான் என்று
முதல் நாள் முனகினேன்.
மூன்றாம் நாள், ழகரத்தின் வால்
பாயின் நடுவைப் பார்த்து வளைந்தபோது
முனகலை விட்டுவிட்டேன்.

கன்னடியன் காலில் ஏழு நாள் ஊறி
உப்பி, கறுத்து, நாறி,
பிறகு கத்தி முனையில் இழையிழையாய்க் கிழிந்த கோரை.
தலைமுடிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால்
முடி இன்னும் கொஞ்சம் தடிமன் என்பேன்.
யாவாரப் பேச்சுதான்.
சப்பங்கிக் கட்டையில் கொதித்த சிவப்பு
நகக்கண்ணை விட்டுப் போவதில்லை.
கல்யாண வீடுகளில் மருதாணியா என்பார்கள்.
ஆமாம் என்பேன்.

அடுத்து மாப்பிள்ளை, சிவசைலநாதன்.
வைகாசி பதினொன்று முகூர்த்தம்.
சகரம் முடிந்தது.
அதன் தலையில் மேல்விலங்கு
(பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள்)
பாதி வளைத்திருந்தேன்.
லுஹர் பாங்குக்கு முந்தி போன் வந்தது.
"நிப்பாட்டிருங்கம்மா. அது நடக்காது."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அட்வான்ஸை அவர் கேட்கவில்லை.

அடித்து இறுக்கிய கோரையை உருவ முடியாது.
துணி என்றால் நூலை இழுத்துப் பிரிக்கலாம்.
கோரை, மடங்கிய இடத்தை மறக்காது.
இழுத்தால் ஒடியும்,
ஒடியும்போது பக்கத்துப் பாவையும் கூட்டிக்கொண்டு போகும்.
"அறுத்துப் போட்டுட்டு வேற பாவு கட்டு"
என்றார் வீட்டுக்காரர்.
மினிபஸ் ஓட்டுகிறவர்,
யாருக்காகவும் ரிவர்ஸ் எடுக்காதவர்.

நாலாம் நாள் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி அடையாள அட்டை
கழுத்தில் கிடந்தபடி உள்ளே வந்தாள்.
குனிந்தாள். கழுத்தைச் சாய்த்தாள்.
சொல்லாமல் அப்படிச் சாய்த்தவர்கள்
இதுவரை யாருமில்லை.
"எம் பேரு மட்டும் போதும்க்கா. முடிச்சுத் தாங்க.
நான் படுக்கத்தான்."
பிறகு விரலை வைத்து, "இது என்ன, ச?"
"சன்னா... சும்மா."
"சனியன்னுல்லா நெனச்சேன்."
அவள்தான் முதலில் சிரித்தாள்.
சிரிப்பு முடிந்தும் விரலை எடுக்கவில்லை.

ராத்திரி, கரண்டு போய் வந்தபின்,
தறியடியில் குந்தினேன்.
பாதி வளைந்த விலங்கை மூடவில்லை.
ஒரே ஒரு சிவப்பு இழையை
அதன் நுனியிலிருந்து நேராக,
பச்சைக் கரையைக் குறுக்கே வெட்டி
ஓரம் வரைக்கும் ஓடவிட்டேன்.
ஒரு கோரை அகலத்துக்கு
கரை அங்கே திறந்து கிடந்தது.

மீதி நாலு முழமும் வெறும் கோரை நிறம்.
பேர் இல்லை, பூ இல்லை.
அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.
எண்ண ஒன்றுமில்லாமல்
விரல் எண்ணிக்கொண்டே இருந்தது.

சொசைட்டிக்காரர் எட்டிப் பார்த்து
"கரையில பிசகிருக்கே, இருநூறு குறைச்சுக்கோ" என்றார்.
தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அவள் வந்தாள்.
சிவப்பு இழைமேல் விரலை ஓட்டினாள்,
ஓரம் வரை.
ஓரத்தைத் தாண்டி, சிமெண்டுத் தரையிலும் கொஞ்சம்.
"கடைசி ழியில ஒரு விலங்கு இருக்கேக்கா?"
"அது உன் பேரு தாயி. கெடக்கட்டும்."
பேசிய ரூபாயை எண்ணாமல் தந்தாள்.
நான் எண்ணினேன். சரியாக இருந்தது.

சுருட்டிய பாயை ஸ்கூட்டியில் குறுக்கே வைத்தால்
ரெண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது.
மேலச்செவல் ரோடு ஒடுக்கம்.
எதிரே ஒரு மினிபஸ்
பாலம் வரை பின்னால் போய் வழி விட்டதாம்.
ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே
அவர்தான் சொன்னார்,
யாரோ ஓட்டின பஸ் மாதிரி.